ஐந்தாவது டயர்

யாரும் கேட்காமலே, தன் தப்பைத் தானே சொல்வதற்காகக் கிணத்துக்கடவு வரைக்கும் போய்வந்தவர் உம்மல் குல்சும். என் ஐம்பத்து மூன்று வயதில் அப்படி ஒரு வியாபாரியை நான் பார்த்ததில்லை. நானும் வியாபாரிதான். பன்னில் ஈ விழுந்திருந்தால் அது உலர்திராட்சை என்று சாதிக்கிற கூட்டத்தைச் சேர்ந்தவன். அதனால் அந்த வித்தியாசம் எனக்கு நன்றாகவே தெரியும்.

அவருடைய டயர் கடைக்கும் என் பேக்கரிக்கும் நடுவில் ஒற்றைச் சுவர்தான். உக்கடத்திலிருந்து சுங்கம் போகிற சாலையில், லாரி ஒதுங்கி நிற்க இடம் இருக்கிற பக்கம். கடைப் பலகையில் ஏதோ ஒரு பெயர் இருக்கிறது. அதை யாரும் சொல்வதில்லை. ‘டயர் பாயம்மா கடை’ என்றால் பாலக்காட்டு லாரிக்காரருக்கும் தெரியும். குல்சும் பிறந்தது பக்கத்துக் கரும்புக்கடைப் பகுதியில். அவருடைய அத்தா நாகூர் மீரான் அங்கே ரீட்ரேடிங் பட்டறை போட்டிருந்தார். தேய்ந்துபோன லாரி டயரின் மேல் ரப்பரைச் சுரண்டி எடுத்துவிட்டு, புது ரப்பர் ஒட்டி வேகவைத்துக் கொடுக்கிற வேலை. பட்டறை இன்றும் சக்கைப்போடு போடுகிறது. தம்பி தாரிக் பார்த்துக்கொள்கிறான். குல்சும் பி.காம். முடித்தவர். வங்கி வேலைக்குப் போனவர் சீக்கிரமே திரும்பி வந்துவிட்டார். “அங்க யாருமே சத்தமாப் பேசமாட்டேங்கறாங்க” என்பதுதான் காரணமாம்.

கணவர் முஜீப், வீல் அலைன்மென்ட் வேலையில் கெட்டிக்காரர். அவர் வாய் திறந்து நான் கேட்டது ரம்ஜானுக்கு ஒருமுறை, பக்ரீத்துக்கு ஒருமுறை. கடையில் பேசுவது இவர், குனிவது அவர் என்று பிரித்துக்கொண்டு குடும்பம் நடத்துகிறார்கள்.

குல்சும் டயர் விற்கிற அழகே தனி. வருகிறவரிடம் முதலில் விலை பேசமாட்டார். “எங்க போற வண்டிங்க? என்ன லோடு?” என்பார். பதிலைக் கேட்டுக்கொண்டே, வண்டியில் இருக்கிற பழைய டயர் மேல் உள்ளங்கையை வைத்து ஒரு சுற்று தடவுவார். பிறகு பாதிப் பேருக்கு விற்கமாட்டார். “இதுல இன்னும் பட்டன் இருக்குதுங்க, முழுசாத் தேயலீங்க, தீபாவளிக்கு வாங்க” என்று அனுப்பிவிடுவார். மொட்டை டயரோடு மலை ஏறப் போகிறேன் என்று எவனாவது சொன்னால் அவ்வளவுதான். சாலைக்கு அந்தப் பக்கம் நிற்கிறவனுக்கும் கேட்கும்படி வாங்கிக் கட்டிக்கொண்டு போவான். அந்தச் சத்தத்துக்கே என் கடையில் நாலு பேர் டீ சொல்வார்கள். நான் ஏன் குறை சொல்லப் போகிறேன்?

அவர் கடையில் ஒரு சட்டம் உண்டு. புது டயர் முன்னால், தேய்ந்த டயர் பின்னால். இது அவர் கண்டுபிடித்ததில்லை. கொங்கு நாட்டில் லாரி வைத்திருக்கிற எந்த வீட்டிலும் பால்குடி மறக்கும் முன்னால் கற்றுக்கொள்கிற பாடம். லாரியில் முன் டயர் வெடித்தால் ஸ்டீயரிங் கையில் நிற்காது. பின்னால் வெடித்தால் எப்படியும் ஓரம் கட்டிவிடலாம். அதனால் நல்லதெல்லாம் முன்னால். இந்தச் சட்டம்தான் பிரவீனாவின் வண்டியைப் படுக்க வைத்தது.

பிரவீனா, கிணத்துக்கடவு தேங்காய் வியாபாரி பொங்கியண்ணனின் மகள். அந்த வீட்டு லாரிகள் எல்லாவற்றுக்கும் டயர் குல்சும் கடையில்தான். அவர்களைவிடப் பெரிய வாடிக்கை அந்தக் கடைக்குக் கிடையாது. பெண் சரவணம்பட்டியில் கம்ப்யூட்டர் கம்பெனி ஒன்றில் வேலை பார்க்கிறாள். சொந்தச் சம்பாத்தியத்தில் ஒரு பழைய வெளிநாட்டுக் கார் வாங்கினாள். சாதாரணமாகக் காரில் முன் சக்கரம் இரண்டையோ பின் சக்கரம் இரண்டையோதான் இன்ஜின் சுற்றும். இந்த வண்டியில் நாலையும் சுற்றும். வாரத்தில் ஐந்து நாள் அதில் ஆபீஸ் போவாள். பந்தயம் இருக்கிற ஞாயிற்றுக்கிழமைகளில் அதே வண்டியைக் கொண்டுபோய் டிராக் ரேஸ் ஓட்டுவாள். இரண்டு வண்டி பக்கத்தில் பக்கத்தில் நிற்கும், பச்சை விளக்கு எரிந்ததும் நேர்க்கோட்டில் கால் மைல், முந்தியவர் ஜெயித்தார். ‘திருப்பமே இல்லையே, மிதித்தால் போகிறது, இதில் என்ன வித்தை?’ என்றுதான் நானும் நினைத்திருந்தேன். நின்ற இடத்திலிருந்து கிளம்புகிற முதல் நொடியில்தான் பந்தயமே இருக்கிறது என்றும், அந்த நொடியில் வண்டி டயரை நம்பித்தான் நிற்கிறது என்றும் பிறகுதான் புரிந்தது.

பொங்கியண்ணனுக்கு இது சுத்தமாகப் பிடிக்கவில்லை. போன வருஷம் வண்டி ஒருமுறை நடுரோட்டில் நின்று, அவர் கயிறு கட்டி இழுத்து வந்தார். அன்றைக்கே மகளிடம் சொல்லிவிட்டார்: “இன்னொருக்கா படுத்துச்சுன்னா வித்துப்போடுவேன் கண்ணு. அப்பறம் அழுவாதே.” அவர் சொன்னால் சொன்னதுதான்.

இந்த நிலைமையில் பிரவீனா டயர் மாற்ற வந்தாள். வண்டியில் அப்போது இருந்த டயர்களில் முன்னால் இரண்டு அறுபட்டுப் போயிருந்தன. பின்னால் இரண்டும் தேய்ந்திருந்தாலும் ஓடும். வழக்கம்போலக் குல்சும் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். “பின்னாடி இருக்கட்டும் கண்ணு, எதுக்கு வீணாக்கோணும்? அதே ரகத்துல ரெண்டு புதுசு முன்னாடி போட்டுக்கலாம்” என்றார். அவளும் சரி என்றாள். லாரிக்காரர் வீட்டுப் பெண்ணாயிற்றே. பந்தயத்துக்கு முந்தின வாரம் பழகிப் பார்க்கப் போனாள். நாலைந்து முறை வேகமாகக் கிளப்பியதும் அடியிலிருந்து கருகல் நாற்றம். பிறகு ஒரு முனகல். வண்டி நின்றுவிட்டது.

பார்த்த மெக்கானிக், “பழைய வண்டிம்மா, உள்ள சாமான் தேஞ்சுபோச்சு” என்று சொல்லிவிட்டார். பொங்கியண்ணன் கத்தவில்லை. திருப்பூரில் ஒரு ஆளுக்குப் போன் போட்டு, வந்து வண்டியைப் பார்க்கச் சொன்னார்.

பிரவீனா அந்தச் செய்தியைச் சொல்ல வந்தபோது நான் டீயோடு அங்கேதான் நின்றிருந்தேன். குல்சும் ஒரு லாரியின் பின் டயர்களுக்கு ஜோடி சேர்த்துக்கொண்டிருந்தார். லாரிக்குப் பின்னால் ஒரே பக்கத்தில் இரண்டு டயர் ஒட்டி நிற்கும் அல்லவா? இரண்டும் ஒரே அளவாக இல்லாவிட்டால், பெரியதன் தலையில் பாரம் முழுக்க விழுந்து அது வெடித்துவிடும். அதற்காக ஒரு மெழுகு நூல் வைத்திருப்பார். டயரைச் சுற்றிப் பிடித்து, முடிச்சுப் போட்டு, அடுத்த டயரில் அதே நூலைச் சுற்றிப் பார்ப்பார். பிரவீனா மூக்கை உறிஞ்சிக்கொண்டே, “திருப்பூர்க்காரர் வெள்ளிக்கிழமை வர்றாருக்கா. அப்பா முடிவு பண்ணிட்டாரு” என்றாள். குல்சும் கையில் நூலோடு அப்படியே நின்றுவிட்டார். லாரி டிரைவர் இரண்டு முறை கூப்பிட்டும் திரும்பவில்லை.

“கண்ணு, அந்த டயருக இப்ப எங்க?” என்றார்.

வண்டி அந்த மெக்கானிக்கின் பட்டறையில் இருந்தது. முஜீபை அனுப்பி நாலையும் கழற்றிக் கொண்டுவரச் சொன்னார். வந்ததும் காற்றைச் சமமாக நிரப்பி, முன் டயரில் நூலைச் சுற்றி முடிச்சுப் போட்டார். பின் டயரில் சுற்றியபோது நூல் இரண்டு விரல் அகலம் மிச்சமாகத் தொங்கியது. என் கண்ணுக்கு அது ஒன்றுமே இல்லை. அவர் முகம் போன போக்கைப் பார்த்துத்தான் ஏதோ இருக்கிறது என்று தெரிந்துகொண்டேன்.

விஷயம் இதுதான். நாலு சக்கரமும் இழுக்கிற வண்டியில் முன் பக்கத்தையும் பின் பக்கத்தையும் ஒரு சாதனம் நடுவில் நின்று சேர்த்துப் பிடித்திருக்கிறது. பள்ளிக்கூட விளையாட்டு விழாவில் இரண்டு பேர் காலைச் சேர்த்துக் கட்டி ஓடவிடுவார்களே, அப்படி. ஒருவன் நெட்டை, ஒருவன் குட்டை என்றால் கட்டுத்தான் அறுபடும். பெரிய டயர் முன்னாலும் சிறிய டயர் பின்னாலும் போட்டால், இரண்டும் வேறு வேறு வேகத்தில் சுற்றும். நடுவில் இருக்கிற சாமானுக்கு ஒரு நிமிஷம் ஓய்வு கிடையாது, சூடேறிச் சாகும். லாரிக்குச் சரியாக இருந்த சட்டம் இந்த வண்டிக்கு எமன். பக்கத்தில் பக்கத்தில் இருக்கிற ஜோடியை அளக்கத் தெரிந்தவருக்கு, முன்னாலும் பின்னாலும் இருப்பதும் இந்த வண்டியில் ஜோடிதான் என்று தோன்றாமல் போய்விட்டது.

“வண்டி மேல தப்பில்லீங்கண்ணா. என் மேலதான்” என்றார் என்னிடம்.

நான் அவரைத் தனியாகக் கூப்பிட்டு, வாயை மூடிக்கொண்டு இருக்கச் சொன்னேன். மெக்கானிக்கே பழைய வண்டி என்று சொல்லியாயிற்று. யாரும் டயரைச் சந்தேகப்படவில்லை. பொங்கியண்ணன் காதில் இது விழுந்தால் அவர் லாரிகள் இந்தப் பக்கம் தலை வைத்துப் படுக்காது. லாரிக்காரர்கள் சங்கம் முழுக்கப் பரவும். நான் சொன்னதில் ஒரு குற்றமும் இருப்பதாக எனக்கு இப்போதும் தோன்றவில்லை. ஊரில் யாராக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள்.

“அந்தப் புள்ள வண்டி போயிருமுங்களே” என்றார். அவ்வளவுதான். முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, “முஜீப் கடையைப் பாத்துக்கட்டும். நீங்க கூட வாரீங்களா, நான் பஸ்சுல போகட்டுங்களா?” என்று கேட்டார். பேக்கரியை என் தம்பியிடம் விட்டுவிட்டு என் வேனை எடுத்தேன். அழுதுகொண்டிருந்த பிரவீனாவைப் பின்னால் உட்கார வைத்தோம்.

பொங்கியண்ணன் வீட்டு வாசலில் மலை மாதிரி தேங்காய்க் குவியல். ஆட்கள் மட்டை உரித்துக்கொண்டிருந்தார்கள். “வாங்க வாங்க, வாங்கம்மணி” என்று அவர் எழுந்து நின்றார். அவர் மனைவி சுப்பாத்தாள் நாங்கள் உட்காரும் முன்பே மோரைக் கையில் கொடுத்துவிட்டார். கொங்குக்காரர் வீட்டில் இதுதான் சிக்கல். சண்டைக்கு வந்தவனும் மோர் குடித்துவிட்டுத்தான் ஆரம்பிக்க வேண்டும்.

குல்சும் மோரைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார். “அண்ணா, அந்த வண்டி தானாப் படுக்கலீங்க. நான்தான் முன்னாடி புதுசு, பின்னாடி பழசுன்னு போட்டுவிட்டேன். இந்த வண்டிக்கு அது ஆகாதுங்க. எனக்குத் தெரிஞ்சிருக்கோணும். தெரியல. தப்பு என்னுதுங்க. வண்டியை விக்காதீங்க.” டயர் அளவு சொல்கிற அதே குரல். கூடவும் இல்லை, குறையவும் இல்லை. கண்ணில் தண்ணீரும் இல்லை. நான் மட்டும் மோர்ச் செம்புக்குள் முகத்தை வைத்துக்கொண்டேன்.

பொங்கியண்ணனுக்குக் கோபம் வந்தால் பேச்சில் மரியாதை கூடும். அன்றைக்கு ஏகத்துக்குக் கூடியது. “அப்படிங்களா? சரிங்க. எங்க லாரியெல்லாமுங்கூட நீங்க சொல்ற மாதிரித்தானுங்களே ஓடுதுங்க?” என்றார்.

“லாரிக்கு அதுதானுங்க சரி. இதுக்குத்தான் தப்பு.”

 பொங்கியண்ணன் எங்கள் எதிரிலேயே போனை எடுத்துத் திருப்பூர்க்காரரைக் கூப்பிட்டு, இப்போதைக்கு வரவேண்டாம் என்று சொன்னார். வைத்துவிட்டு மகளைப் பார்த்தார். “அடுத்த பந்தயம் வரைக்கும் பாக்கறேன் கண்ணு. அதுல படுத்துச்சுன்னா, யாரு வந்து என்ன சொன்னாலும் வித்துப்போடுவேன்.” எங்களைச் சாப்பிட வைத்துத்தான் அனுப்பினார். மரியாதைக்கு ஒரு குறையும் இல்லை. அடுத்த வாரத்திலிருந்து அவர் லாரி ஒன்றுகூட எங்கள் சாலையில் நிற்கவில்லை. வாயெல்லாம் ‘ங்க’, வண்டி மட்டும் வேறு கடையில். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. 

பழுது பார்க்கிற இடத்தில் முஜீப் கூடவே நின்று வேலையை முடித்துக் கொடுத்தார். அடுத்து டயர். இந்தமுறை குல்சுமும் பிரவீனாவும் என் கடை பப்ஸைத் தின்றுகொண்டு, அடுக்கி வைத்த டயர் மேல் லேப்டாப்பை வைத்து, ஒரு மத்தியானம் முழுக்க மல்லுக்கட்டினார்கள்.

பிரவீனா கேட்டது அசல் பந்தய டயர். ரப்பர் அவ்வளவு மிருது; தரையில் பசைபோல ஒட்டுமாம். மற்றவர்கள் எல்லாம் அதைத்தான் போடுகிறார்கள் என்றாள்.

“ஒட்டட்டும் கண்ணு. பின்னாடி ரெண்டு மட்டும் இழுக்கற வண்டின்னா ஒட்டட்டும். உன் வண்டில நாலும் ஒட்டிக்குச்சுன்னா எது விட்டுக்குடுக்கும்? எதாவது ஒண்ணு விட்டுக்குடுத்தாவோணும். டயர் விட்டுக்குடுக்கலீன்னா கியரு விட்டுக்குடுக்கும்.”

“அதுக்காகச் சாதா டயர் போட முடியாதுக்கா. இங்க பாருங்க.” அவள் திரையில் கோடுகளைக் காட்டினாள். வண்டி சீறிக் கிளம்பும்போது மூக்கு மேலே தூக்குகிறது. பாரம் பின்னால் போய்விடுகிறது. முன் டயர் பிடி இல்லாமல் சும்மா சுற்றுகிறது. குல்சும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். “ஆமா, சுத்துது” என்று ஒத்துக்கொண்டார். ஒரு சுற்று அகலமான டயர் போடலாமா என்று அவர் கேட்டதற்கு, அகலம் கூடினால் எடை கூடும், கிளம்புவது மந்தமாகும் என்று அவள் மறுத்தாள். அதையும் ஒத்துக்கொண்டார். ஆனால் மழை விஷயத்தில் அவர் விடவில்லை. அந்த மிருது டயரில் தண்ணீர் வெளியேறப் பள்ளமே கிடையாது. ஆடி மாசத்தில் பொள்ளாச்சி ரோட்டில் அதை வைத்துக்கொண்டு ஆபீஸ் போவது எப்படி? “பந்தயம் கால் மைலு. ஊடு எத்தனை மைலு?” என்றார். 

கடைசியில் ரோட்டுக்கும் ஆகும், பந்தயத்துக்கும் ஆகும் என்கிற நடுத்தர ரகத்தில் வந்து நின்றார்கள். பிடி உண்டு, கியர் உடைகிற நிலைமை வந்தால் கொஞ்சம் வழுக்கியும் கொடுக்கும். எல்லாம் ஒரே அளவு, ஒரே நேரத்தில் செய்தவை. அப்போதுதான் குல்சும், “அஞ்சு சொல்லிரலாம்” என்றார்.

இதைக் கேட்ட பொங்கியண்ணன் போனில், “அஞ்சுங்களா? வண்டிக்கு நாலு காலுதானுங்களே?” என்றாராம்.

ஐந்தாவது, ஸ்டெப்னிக்கு. அதை டிக்கியில் சும்மா போட்டுவைக்கக் கூடாது. முறை வைத்து ஐந்தையும் மாற்றி மாற்றி ஓட்ட வேண்டும். அப்போதுதான் ஐந்தும் ஒரே மாதிரி தேயும். எது எப்போது போனாலும் மற்றதற்கு ஜோடி இருக்கும். இதைக் குல்சும் பிரவீனாவிடம் சொன்னார், போனில் அவள் அப்பாவிடமும் சொன்னார். வீட்டு லாரிகளைப் பார்க்கிற மெக்கானிக்கிடம் அந்த வேலையை விட்டார்கள்.

வண்டி ஆபீசுக்கும் பழகுவதற்குமாகச் சில மாசம் ஓடிய பிறகு பந்தய நாள் வந்தது. ஊருக்கு வெளியே ஒரு தனியார் ஓடுபாதை. வெயில் மண்டையைப் பிளந்தது. நான் ஒரு கூடை தேங்காய் பன்னோடு போயிருந்தேன். பொங்கியண்ணன் முதல்முறையாக மகள் ஓட்டுவதைப் பார்க்க வந்திருந்தார். சலவை வேட்டி, முகத்தில் ஈயாடவில்லை. ஒவ்வொரு முறை அவள் கிளம்பும்போதும் அவர் துண்டைக் கசக்குவதைப் பார்த்தேன். குல்சும் ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் நாலு டயரையும் தடவிப் பார்த்தார். வண்டி குதிரைக்குட்டி மாதிரி கிளம்பியது. நாற்றமும் இல்லை, முனகலும் இல்லை. ஒவ்வொருவராகத் தோற்று ஒதுங்க, கடைசி ஓட்டத்துக்கு இரண்டே பேர் மிஞ்சினார்கள்: பிரவீனாவும், பீளமேட்டிலிருந்து வந்த சாய்சரண் என்கிற பையனும். நான் பொங்கியண்ணனைப் பார்த்தேன். மனிதர் சிரிக்க ஆரம்பித்திருந்தார்.

அப்போது குல்சும் முன் சக்கரத்தருகே கையை நிறுத்தினார். இடது டயரின் பக்கவாட்டில் ஒரு புடைப்பு. திரும்பி வருகிற மண்பாதையில் ஏதோ கல்லில் இடித்திருக்கிறது. அதோடு வேகமாக ஓட்டினால் வெடிக்கும்.

“ஸ்டெப்னியை எடு கண்ணு. அதுக்குத்தானே அஞ்சு வாங்கினோம்” என்றார் குல்சும். குரலில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

பிரவீனா டிக்கியைத் திறந்தாள். சாக்கு சுற்றிய டயர். சாக்கைப் பிரித்தால், கடையிலிருந்து எடுத்துப் போனபோது இருந்த அதே ஸ்டிக்கர், அதே மினுமினுப்பு. ஒரு நாள்கூடத் தரையில் படாத டயர். குல்சும் நூலை எடுத்தார். ஓடிய டயரில் சுற்றி முடிச்சுப் போட்டார், புதியதில் சுற்றினார். நூல் எட்டவில்லை.

“மாத்தி மாத்திப் போடச் சொன்னனே” என்று பிரவீனாவைப் பார்த்தார். அவள் முகம் வெளுத்துவிட்டது. மெக்கானிக் ஐந்தையும் மாற்றிக்கொண்டிருக்கிறார் என்றுதான் அவளும் நம்பியிருந்தாள். “ஒரே ஒரு ஓட்டந்தானேக்கா. தாங்காதா?” என்றாள்.

“தாங்கினாலும் தாங்கும். தாங்காமலும் போகும். எனக்குத் தெரியாது கண்ணு. தெரியாததைத் தெரியும்னு இன்னொருக்கா சொல்லமாட்டேன்.”

அப்பா சொன்ன வார்த்தை அவளுக்கு மறக்கவில்லை. வண்டி படுத்தால் விற்பனை. எங்களுக்கும் அது மறக்கவில்லை. சாய்சரண் நல்ல பையன். வந்து பார்த்துவிட்டு, வேண்டுமானால் காத்திருக்கிறேன் என்றான். காத்திருந்து என்ன செய்ய? புது டயரைச் சுரண்டிப் பழசுக்குச் சமமாக்குகிற இயந்திரம் ஒன்று உண்டு; அது கரும்புக்கடையில் தாரிக்கின் பட்டறையில் இருக்கிறது, போய்த் திரும்புவதற்குள் இருட்டிவிடும்.

பொங்கியண்ணன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார். துண்டு கையில் கயிறுபோல முறுக்கியிருந்தது.

“மெக்கானிக்கைத் திட்டாதீங்கம்மணி. நாலு போதும்னு அவருகிட்டச் சொல்லிப்போட்டு, அஞ்சாவதை நான்தானுங்க எடுத்து வெச்சுட்டேன். புது டயரை எதுக்கு வீணாத் தேய்க்கறதுன்னு, சாக்கு சுத்தித் தேங்காய்க் குடோன்ல வெச்சிருந்தேன். இன்னைக்குக் காலைல நானேதான் தூக்கி டிக்கியில போட்டேன்.” சுற்றிலும் அத்தனை பேர் நின்றார்கள். சாய்சரணின் ஆட்கள், பந்தயம் நடத்துகிறவர்கள், நான். அவர் குரலைத் தாழ்த்தவில்லை. “தப்பு என்னுதுங்க” என்றார்.

அதே வார்த்தை. அவர் வீட்டில், தேங்காய்க் குவியலுக்கு எதிரில் உட்கார்ந்து குல்சும் சொன்ன அதே வார்த்தை. இந்த மனிதர் அன்றைக்கு அதைக் காதில் வாங்கவே இல்லை என்று நான் நினைத்திருந்தேன். மனசுக்குள் அவரைத் திட்டிக்கொண்டிருந்ததையெல்லாம் அந்த இடத்திலேயே நிறுத்திக்கொண்டேன்.

அவர் மகள் பக்கம் திரும்பினார். “நீ ஓட்டு கண்ணு. படுத்தாப் படுத்துட்டுப் போகுது. விக்கமாட்டேன்.”

பிரவீனா வண்டியைப் பார்த்தாள். பச்சை விளக்குக் கம்பத்தைப் பார்த்தாள். இனி பயமே இல்லை, ஓட்டலாம். ஜெயித்தாலும் ஜெயிக்கலாம். அவள் டிக்கியை மூடினாள். “வேண்டாம்ப்பா. விக்கமாட்டேன்னு சொல்லிட்டீங்க. அப்பறம் எதுக்கு வண்டியை ஒடைக்கோணும்?” என்றாள். போய் சாய்சரணுக்குக் கை கொடுத்தாள். அவன் தனியாகக் கால் மைல் ஓடிக் கோப்பையை வாங்கினான். வாங்கிய கையோடு வந்து இரண்டு தேங்காய் பன் தின்றான். புது டயரை மாட்டிக்கொண்டு, முப்பதுக்கு மேல் போகாதே என்று குல்சும் நூறு முறை சொல்லி, வண்டி உருண்டுகொண்டே ஊர் போய்ச் சேர்ந்தது.

குல்சும் என் வேனில் திரும்பி வந்தார்.  கடை வாசலில் இறங்கும்போது, “ஜெயிச்சிருக்கலாமுங்கண்ணா” என்றார். கண் கலங்கியிருந்தது. அவர் கலங்கி நான் பார்த்தது அந்த ஒரு முறைதான்.

திங்கட்கிழமை காலை நான் கடை திறந்தபோது, பொங்கியண்ணனின் லாரி ஒன்று எங்கள் சாலையில் நின்றுகொண்டிருந்தது. டிரைவர் பக்கத்து சீட்டில் அவரே உட்கார்ந்திருந்தார். மடியில், சாக்கு சுற்றிய டயர்.

“ஏனுங்கம்மணி, அந்த மிஷினு எங்க இருக்குதுங்க?” என்றார்.

குல்சும் அவரைக் கரும்புக்கடைக்குக் கூட்டிப்போனார். வேடிக்கை பார்க்கிற ஆசையில் நானும் ஒட்டிக்கொண்டேன். தாரிக் டயரை மாட்டினான். பிரவீனா வண்டியில் ஓடிக்கொண்டிருக்கிற டயரில் எடுத்த முடிச்சு நூல் குல்சும் கையில் இருந்தது. மிஷின் சுற்ற ஆரம்பித்தது. பொங்கியண்ணன் யார் தெரியுமா? தேங்காய் உரித்த மட்டையைக்கூடக் கயிறு திரிக்க விற்கிறவர். போன் வாங்கிய பெட்டியைப் பரணில் வைத்திருப்பவர். அப்படிப்பட்ட மனிதர், ஊர் போய்ச் சேர ஒரே ஒருமுறை உருண்ட புத்தம்புது டயரின் ரப்பரைத் தூளாக்கச் சொல்லித் தானே தூக்கிக்கொண்டு வந்து நிற்கிறார்.

தாரிக் பிளேடை நெருக்கும் முன், ஒருமுறை கேட்டுக்கொள்ளலாம் என்று அவரைப் பார்த்தான். குல்சும் கையைக் காட்டி நிறுத்தினார். “அண்ணா, நல்லா யோசிச்சுக்குங்க. சுரண்டினா திரும்ப வராதுங்க.”

“தேய்ங்கம்மணி” என்றார் பொங்கியண்ணன். “நான் மட்டும் அந்தப் பக்கமாத் திரும்பிக்கறேனுங்க.”

திரும்பி, சுவரைப் பார்த்து நின்றுகொண்டார். கறுப்புத் தூள் அவருடைய சலவை வேட்டி மேல் விழுந்துகொண்டே இருந்தது. மிஷின் நிற்கிற வரைக்கும் அவர் நகரவில்லை.